கழுவிக் கழுவி இறுகின பிரேக்

பிள்ளையள், யாழ்ப்பாணத்திலை ஹாண்ட் பிரேக்கைப் பற்றி ஆரும் கவலைப்பட்டு நான் கண்டதில்லை. ஏன் கவலைப்பட வேணும்? வடமராட்சியிலை இருந்து பண்ணைப் பாலம் வரைக்கும் ஓடிப் பாருங்கோ, வழியிலை மேடு எண்டு சொல்ல ஒரு மேடு இருந்தால் எனக்கு வந்து சொல்லுங்கோ. காரை நிப்பாட்டினால் கியரிலை விடுவம். இன்னும் பயமெண்டால் ஒரு கல்லை எடுத்துப் பின் ரயருக்கு அடியிலை வைப்பம். நான் வேலை பழகின காலத்திலை கராஜுக்கு வாற பாதிக் காருக்கு ஹாண்ட் பிரேக் கேபிளே இருக்காது. டிக்கியைத் திறந்தால் கல்லு மட்டும் கவனமா இருக்கும்.

இப்ப கேபிளும் இல்லை, கல்லும் இல்லை. ஒரு பட்டன். அதை அமத்தினால் பின் சில்லு ரெண்டிலையும் இருக்கிற சின்ன மோட்டார் சர்ரெண்டு சுத்திப் பிரேக்கை இறுக்கும். மற்றப் பக்கம் அமத்தினால் விடும். விடவேணும். விடாட்டில்தான் எங்களைத் தேடுவினம்.

நெல்லியடிக் கராஜை உங்கடை கையிலை தந்திட்டு நான் இப்ப உடுப்பிட்டியிலை சும்மா குந்தியிருக்கிறன். போன கிழமை உங்களிலை ஒருத்தர் போன் எடுத்து, "அண்ணை, பட்டன் பிரேக் விடுதில்லை, ஸ்கானர் மோட்டார் பிழை எண்டு காட்டுது, மோட்டாரை மாத்தட்டோ?" எண்டு கேட்டவர். மாத்து எண்டும் சொல்லேல்லை, மாத்தாதை எண்டும் சொல்லேல்லை. "கார் ஆரின்ரை? ஆர் அதிலை ஏறி இருக்கிறது?" எண்டு கேட்டன். கிழவனுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சிருப்பார். பரவாயில்லை. அந்தக் கேள்வி எனக்கு எங்கையிருந்து வந்தது எண்டு சொல்லத்தான் இதை எழுதுறன்.

கராஜை விடுறதுக்கு முந்தின வருசம். ஒரு வெள்ளிக்கிழமை காலமை அரியாலையிலை இருந்து ராஜன் எண்டவர் போன் எடுத்தார். கனடாவிலை இருக்கிறவர். அதுக்கு முதல் வருசம் ஊருக்கு வந்து, தாய் தேப்பன்ரை வீட்டைத் திருத்தி, ஜப்பானிலை இருந்து வந்த ஜீப் ஒண்டையும் வாங்கி விட்டிட்டுப் போனவர். வாங்கேக்கை அதைப் பாத்துக் குடுத்தது நான்தான். வருசத்திலை ஒரு மாசம் வந்து ஓடுவார், மிச்சப் பதினொரு மாசமும் ஜீப் போட்டிக்கோவுக்குள்ளை நிக்கும். உப்பிடி எத்தினை கார் எங்கடை ஊரிலை நிக்குது எண்டு உங்களுக்குத் தெரியும். காவலுக்கு ஒரு ஆள், கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட், மூடுறதுக்கு ஒரு படங்கு.

"அண்ணை, ஜீப் அசையுதில்லை" எண்டார் ராஜன். "பட்டனை அமத்தினால் பின்னுக்கு ஏதோ உறுமுது, மஞ்சள் லைற் மின்னுது. ட்ரக்டர் ஒண்டைக் கூப்பிட்டிருக்கிறன். ஒரு இழுவை இழுத்து வெளியிலை எடுத்தால் நீங்கள் வந்து பாக்கச் சுகம்தானே?"

"ஐயோ, இழுக்காதேங்கோ!" எண்டு நான் கத்தினன். அவர் போனை வைச்சிட்டார்.

அண்டைக்கு நெல்லியடியிலை இருந்து அரியாலைக்கு நான் வானை ஓட்டின வேகத்தை என்ரை மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. போய்ச் சேரேக்கை ட்ரக்டர் முத்தத்திலை நிக்குது, சங்கிலி ஜீப்பின்ரை முன் கொழுக்கியிலை மாட்டியாச்சு, ட்ரக்டர்காரர் ஏறி இருந்து ராஜன்ரை கைக்காட்டலைப் பாத்துக்கொண்டிருக்கிறார். நான் வானை அணைக்காமலே இறங்கி ஓடிப்போய் ஜீப்புக்கும் ட்ரக்டருக்கும் நடுவிலை நிண்டன்.

"என்ன அண்ணை, நீங்கள் சின்னப்பிள்ளையள் மாதிரி" எண்டு ராஜனுக்குக் கோவம். "ஒரு இழுவையிலை விட்டிடுமாம்."

"விடும். எது விடும் எண்டுதான் தெரியாது" எண்டன். "பிரேக் விடலாம், மோட்டாருக்குள்ளை இருக்கிற பல்லுச் சில்லு விடலாம். அதைவிட, பிழை எப்பிடி வந்தது எண்டு சொல்லுற அடையாளம் எல்லாம் அந்தப் பிரேக்குக்குள்ளைதான் கிடக்கு. இழுத்தால் முதல் அழியிறது அதுதான். ஒரு மணித்தியாலம் தாங்கோ."

உங்களுக்கும் சொல்லுறன், இதைப் பிடிச்சு வைச்சிருங்கோ. காரின்ரை சொந்தக்காரர் அந்தரப்படுவார், பக்கத்து வீட்டுக்காரர் யோசினை சொல்லுவார், ட்ரக்டர் உறுமும். அந்த நேரத்திலைதான் கையைக் கட்டிக்கொண்டு நிக்கத் தெரியவேணும். கை வைச்சுத் திருத்துறது கெதியாப் பழகியிடும், இது பழக வருசக்கணக்காகும்.

ட்ரக்டர் போனாப் பிறகுதான் ராஜன் உண்மையான கோவத்தை வெளியிலை எடுத்தார். அது ஜீப்பிலை இல்லை. முத்தத்து மூலையிலை தும்புத்தடியாலை கூட்டிக்கொண்டு நிண்ட மனிசனிலை.

அந்த மனிசன்ரை பேர் மரியதாஸ். குருநகர் ஆள், வயது அம்பதுக்குக் கிட்ட. கடல் தொழில் செய்தவர், தோள்மூட்டுப் பழுதாகிப் பிறகு வலை இழுக்க ஏலாமல் போக, ராஜன்ரை வீட்டுக் காவலுக்கு வந்தவர். வீட்டுக்குப் பின்னாலை ரெண்டு அறை, அதிலை மனிசியும் மகளும் அவரும். மகளுக்கு அடுத்த மாசம் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற ஏ.எல். சோதினை.

"உவன் ஓடியிருக்கிறான் அண்ணை" எண்டார் ராஜன். மரியதாஸுக்குக் கேக்கக்கூடியமாதிரித்தான் சொன்னார். "ஹாண்ட் பிரேக்கைப் போட்டபடியே ஓடிச் சுட்டுப்போட்டான். நான் போற அண்டைக்கு மீற்றரைப் படம் எடுத்து வைச்சனான். முந்தநாள் வந்து இறங்கிப் பாத்தால் நாப்பத்தாறு கிலோமீற்றர் கூட இருக்கு. கேட்டால் ஓடேல்லை எண்டு நிண்டு சாதிக்கிறான். ஆரைப் பேய்க்காட்டுறான்? ஓடினது கூடப் பரவாயில்லை, முகத்தைப் பாத்துப் பொய் சொல்லுறான் பாருங்கோ, அதுதான் எனக்குத் தாங்கேலாது. ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை சாமானைக் கட்டச் சொல்லிட்டன். நீங்கள் கழட்டிப் பாத்து, பிரேக் எரிஞ்சிருக்கோ இல்லையோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, காணும்."

சோதினைக்கு ஒரு மாசம் இருக்கேக்கை ஒரு பிள்ளை புத்தகக் கட்டோடை றோட்டிலை நிக்கிறதோ இல்லையோ எண்டது இப்ப ஒரு பிரேக் தட்டிலை வந்து நிக்குது. நான் மரியதாஸைப் பாத்தன். அவர் தும்புத்தடியைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

எனக்கு ஒரு பழக்கம் இருக்கு, நீங்கள் எல்லாரும் அதுக்குச் சிரிக்கிறனீங்கள். ஸ்கானரைக் கொழுவ முதல் காரைச் சுத்தி ரெண்டு தரம் நடப்பன். அண்டைக்கும் நடந்தன். அப்பிடி ஒரு துப்பரவான ஜீப்பை நான் என்ரை வாழ்க்கையிலை பாக்கேல்லை. கடல்காத்து அடிக்கிற இடத்திலை பதினொரு மாசம் நிண்ட வாகனம், ஒரு பொட்டு உப்புக் கறை இல்லை. சில்லுக்குள்ளை விரல் விட்டுப் பாத்தன், அங்கையும் கழுவிக் கிடக்கு. குனிஞ்சு பாத்தால் ரயர் நாலுக்கும் அடியிலை சீமெந்து வெளிறின நாலு சதுரம், பின் ரயரடியிலை துரு ஒழுகின கறை. கழுவின தண்ணி துருவையும் கொண்டு வந்து ஊத்தியிருக்கு.

இந்த ஜீப் அசையவே இல்லை எண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டுது. விளங்காதது வேறை ஒண்டு. போன வருசம் ராஜன் வெளிக்கிட முந்தி மரியதாஸைக் கூப்பிட்டு நான்தான் மூண்டு விசயம் சொன்னனான். ஒண்டுவிட்ட ஒரு நாள் கழுவும், உப்புக்காத்து. கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணும். ஸ்டார்ட் பண்ணினால் முத்தத்துக்குள்ளை முன்னுக்கும் பின்னுக்கும் ஒருக்கா உருட்டி விடும். மூண்டுக்கும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" எண்டு தலையாட்டினவர். முதலாவதை நான் சொன்னதுக்கு மேலாலை செய்திருக்கிறார். ரெண்டாவதுக்கு ஒரு கொப்பி வைச்சு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நேரம் குறிச்சிருக்கிறார், அதையும் எடுத்துக் காட்டினார். மூண்டாவதை மட்டும் ஒருக்காக் கூடச் செய்யேல்லை. இவ்வளவு சொல்லுக்கேக்கிற மனிசன் அதை மட்டும் ஏன் விட்டவர்? என்ரை மண்டைக்குள்ளை அதுதான் குடைஞ்சுகொண்டு நிண்டது.

ராஜன் ரீ குடிக்க உள்ளை போன நேரம் பாத்து, ராஜன் பட்டனை அமத்தி அமத்தி இறக்கிப்போட்ட பற்றரிக்கு என்ரை பற்றரியைக் குடுத்திட்டு, "மரியதாஸ், நீர் வழக்கமா ஸ்டார்ட் பண்ணுறமாதிரி ஒருக்காப் பண்ணிக் காட்டும்" எண்டன்.

அவர் கதவைத் திறந்தார். சீற்றின்ரை நுனியிலை, முகத்தை வெளியாலை வைச்சுக்கொண்டு, சரிஞ்சு இருந்தார். வலது கால் நிலத்திலை. இடது காலை மட்டும் உள்ளுக்கு நீட்டி, எட்டி எட்டிப் பிரேக்கை அமத்தி, ஸ்டார்ட் பட்டனை ஒரு விரலாலை தொட்டார். இஞ்சின் பிடிச்ச உடனை காலை வெளியிலை எடுத்திட்டு எழும்பி நிண்டிட்டார். ஸ்ரியறிங்கிலை கை படவே இல்லை.

நான் கிட்டப் போய், "உமக்குக் கார் ஓடத் தெரியாதோ?" எண்டு கேட்டன்.

அவர் வீட்டு வாசலைத் திரும்பிப் பாத்தார். "மெல்லக் கதையுங்கோ அண்ணை" எண்டார். "வேலைக்கு எடுக்கேக்கை ஐயா கேட்டவர், கார் ஓடுவியோ எண்டு. ஓம் எண்டு சொல்லிப்போட்டன். போட் இஞ்சின் ஓடினனான்தானே, ஆரையும் பிடிச்சுக் கெதியாப் பழகியிடலாம் எண்டு நினைச்சன். பழகக் கிடைக்கேல்லை. தனியத் தொட்டு மதிலிலை இடிச்சிடுவன் எண்ட பயத்திலை உருட்டவும் இல்லை."

எனக்கு வந்ததே ஒரு கோவம். "விசர் மனிசா! எனக்கு ஓடத் தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் உம்மை ஆர் குற்றம் சொல்லுறது? ரெண்டு நாளா ஏன் வாயை மூடிக்கொண்டு நிண்டனீர்?"

"சொன்னால் நான் ஓடேல்லை எண்டது உண்மையாகும் அண்ணை. பொய் சொல்லித்தான் இந்த வீட்டுக்குள்ளை வந்தனான் எண்டதும் உண்மையாகும். ஐயா என்ன சொன்னவர் எண்டு நீங்களும் கேட்டனீங்கள்தானே? ஓடினது பரவாயில்லையாம், பொய்தான் தாங்கேலாதாம்." ரெண்டு கையையும் கூப்பினார். "சோதினை முடியும் மட்டும் சொல்லாதேங்கோ அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன்."

இப்ப நீங்கள் என்ரை இடத்திலை நில்லுங்கோ. என்ரை கையிலை ரெண்டு உண்மை இருக்கு. ஒண்டு பிரேக்கின்ரை உண்மை, அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டது. மற்றது மரியதாஸின்ரை. அதைச் சொன்னால் வழக்கு உடனை முடிஞ்சிடும், மனிசனும் முடிஞ்சிடுவான். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கோ? இல்லை எண்டு எனக்குப் பட்டது. பிரேக்கை வைச்சே இவரை வெளியிலை எடுப்பன், ஏலாட்டில் பிறகு யோசிப்பம் எண்டு ஜக்கை எடுத்தன்.

ஸ்கானர் வலது பின் மோட்டார் பிழை எண்டுதான் காட்டினது. உங்கடை ஸ்கானர் காட்டினமாதிரியே. இடது பக்கம் விட்டிட்டுது, வலது பக்கத்து மோட்டார் முக்கிப் பாத்து ஏலாமல் நிண்டிட்டுது. மோட்டாரைக் கழட்டிக் கையிலை வைச்சு ஓடவிட்டுப் பாத்தன், நல்ல சுகமா ஓடுது. அது பாவம், தன்ரை வேலையைச் செய்யப் பாத்திருக்கு. உள்ளுக்குப் பிரேக் தட்டு துருப்பிடிச்சு, சில்லோடை சுத்துற டிஸ்க்கோடை ஒட்டிப்போய்க் கிடந்தது. கையாலை பின்னுக்குச் சுத்தி, மரச் சுத்தியலாலை மெல்லத் தட்டித் தட்டி எடுக்க, டக்கெண்டு விட்டுது.

டிஸ்க்கைத் துடைக்க வந்த ராஜன்ரை கையை நான் பிடிச்சன். "தொடாதேங்கோ. வடிவாப் பாருங்கோ."

துருவேறின டிஸ்க்கிலை, பிரேக் தட்டு இருந்த இடம் மட்டும் தனியாத் தெரிஞ்சது. ஒரே ஒரு அச்சு. நாலு ஓரமும் கூரா, ஆரோ அளவுகோல் வைச்சுக் கீறினமாதிரி. சுத்திவர ஒரு கீறலும் இல்லை, சூட்டிலை வாற நீலம் இல்லை, தட்டு கருகின மணம் இல்லை.

"பிரேக்கைப் போட்டபடி ஓடியிருந்தால் இந்த அச்சு இருக்காது தம்பி" எண்டன். "ஒரு முழம் ஓடியிருந்தாலும் அழிஞ்சிருக்கும். காலமை ட்ரக்டர் இழுத்திருந்தாலும் அழிஞ்சிருக்கும். அப்ப நானும் வந்து பாத்திட்டு, ஓம், ஓடியிருக்கு எண்டுதான் சொல்லியிருப்பன். இது கழுவிக் கழுவி இறுகின பிரேக். ஒவ்வொரு தரமும் ஈரத்தோடை பிடிச்சபடி நிண்டிருக்கு. ஆரும் ஓடிக் கெடுக்கேல்லை. கவனமாப் பாத்துத்தான் கெட்டது."

ராஜன் நீண்ட நேரம் குந்தியிருந்து அந்த அச்சைப் பாத்தார். மோசமான மனிசன் இல்லை அவர். ஏமாந்திடக்கூடாது எண்ட பயம் பிடிச்ச மனிசன், அவ்வளவுதான். "சரி, பிரேக்கோடை ஓடேல்லை" எண்டார் கடைசியிலை. "பிரேக்கை எடுத்துப்போட்டு ஓடிட்டு, கொண்டு வந்து விட்டிருக்கலாம்தானே? நாப்பத்தாறு கிலோமீற்றர் எங்கையிருந்து வந்தது? மீற்றர் பொய் சொல்லுமோ?"

மரியதாஸ் ஓடேல்லை எண்டு எனக்குத் தெரியும். மீற்றர் ஓடியிருக்கு எண்டும் தெரியுது. பேய் வந்து ஓடினதோ?

"அந்தப் படத்தை ஒருக்காக் காட்டுங்கோ" எண்டன்.

போனிலை எடுத்துக் காட்டினார். மீற்றர் தெளிவாத் தெரியுது. அதுக்குப் பக்கத்திலை சின்னதா மணிக்கூடு: எட்டு ஐம்பது. பக்கத்துச் சீற்றிலை ஒரு தோள்பையின்ரை வார் தெரியுது. நான் சும்மா கேக்கிறமாதிரி, "போன வருசம் எந்தப் பக்கத்தாலை போனனீங்கள், கொழும்பாலையோ?" எண்டு கேட்டன்.

"இல்லை, பலாலியிலை ஏறிச் சென்னையாலை போனனான்."

"ஆர் கொண்டுபோய் விட்டது?"

"மருமகன். அவன் அடுத்த மாசமே அவுஸ்திரேலியாவுக்குப் போட்டான். ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான்" எண்டன். அந்த இடத்திலையே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் என்னோடை நிண்டு தர்க்கப்பட்டிருப்பார், பலாலி என்ன அவ்வளவு தூரமோ எண்டு கேட்டிருப்பார், ரெண்டு நாளாப் பேசின பேச்சை விட்டுக்குடுக்க மனம் வந்திராது. ஒருத்தர் தன்ரை பிழையைத் தானே கண்டுபிடிக்க விடவேணும் பிள்ளையள். நாங்கள் காட்டினால் அவர் எங்களைத்தான் பாப்பார், பிழையைப் பாக்கமாட்டார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. புதுத் தட்டுப் போட்டு, புதுப் பற்றரி வைச்சு, மோட்டாரைப் பூட்டிப் பட்டனை அமத்தினால் சர்ரெண்டு பிடிச்சுது, சர்ரெண்டு விட்டுது. "ஒரு ஓட்டம் ஓடிப் பாப்பம், நீங்கள்தான் ஓடவேணும்" எண்டு ராஜனை ஏத்தினன். "பலாலிப் பக்கம் விடுங்கோ."

"ஏன் அவ்வளவு தூரம்?"

"ஹாண்ட் பிரேக்கைச் சோதிக்க ஒரு ஏத்தம் வேணும். அங்காலை ஒரு நல்ல ஏத்தம் இருக்கு."

ஞாயிறு பாடசாலையிலை படிச்சதை எல்லாம் மறந்து சொன்ன பொய். கேற்றாலை வெளிக்கிடேக்கை ஒரு ஓட்டத்துத் தூரத்தைக் காட்டுற ட்ரிப் மீற்றரைச் சைபருக்கு வைக்கச் சொன்னன். பட்டணத்தாலை போய், திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வசாவிளான் தாண்டி விமான நிலையத்து வாசல் வரைக்கும் போனம். சிவப்பு மண், வாழைத் தோட்டம், கண்ணுக்கு எட்டின தூரத்துக்குத் தட்டையான நிலம்.

"எங்கை அண்ணை ஏத்தம்?" எண்டார் ராஜன்.

"இடிச்சுப்போட்டினம் போலை கிடக்கு. திருப்புங்கோ."

திரும்பி வரேக்கை முழுக்கக் கனடாக் குளிரைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு வந்தார். அரியாலை வீட்டுக் கேற்றுக்குள்ளை ஜீப்பை எடுத்து நிப்பாட்டினார். "பிரேக்கைப் போடுங்கோ" எண்டன், போட்டார். "மீற்றரைப் பாருங்கோ" எண்டன்.

பாத்தார். நாப்பத்தைஞ்சு.

முதல் ஒண்டும் விளங்கேல்லை அவருக்கு. பிறகு போனை எடுத்து அந்தப் படத்தைத் திருப்பிப் பாத்தார். மணிக்கூட்டைப் பாத்தார், தோள்பை வாரைப் பாத்தார். "ஐயோ" எண்டார். "படம் எடுத்தது வெளிக்கிட முந்தி. அதுக்குப் பிறகுதானே பலாலிக்குப் போனனாங்கள். மருமகன் திருப்பிக் கொண்டுவந்து விட்டவன்."

"மற்ற ஒரு கிலோமீற்றருக்கு அவன் கொத்து ரொட்டி வாங்கப் போயிருப்பான்" எண்டன் நான்.

அவர் சிரிக்கேல்லை. ஸ்ரியறிங்கிலை நெத்தியை வைச்சார். பிறகு இறங்கி நேரே பின் அறைப் பக்கம் போனார். அங்கை வாசலிலை ரெண்டு பை கட்டி வைச்சிருந்தது. பக்கத்திலை அந்தப் பிள்ளையின்ரை புத்தகங்கள், சணல் கயிறாலை கட்டினபடி. மரியதாஸ் வெளியிலை வந்தார்.

"மரியதாஸ், பிழை என்னிலை" எண்டார் ராஜன். வெளிப்படையாச் சொன்னார், மனிசியும் மகளும் கேக்கத்தக்கதாச் சொன்னார். "நீ ஓடேல்லை. நான்தான் அதிலை பலாலிக்குப் போனனான், போட்டு மறந்துபோனன். என்னை மன்னிச்சுக்கொள். அந்தக் கட்டை அவிழ்." பிறகு பொக்கற்றுக்குள்ளை இருந்து ஜீப் திறப்பை எடுத்து மரியதாஸின்ரை கையிலை வைச்சார். "இனி இது உன்னட்டை இருக்கட்டும். நான் இல்லாத நேரம் ஞாயிற்றுக்கிழமையிலை குடும்பத்தோடை கோயிலுக்குக் கொண்டு போ. இப்ப ஒருக்கா எடுத்துப் போட்டிக்கோவுக்குள்ளை விடு."

அட கடவுளே! மரியதாஸ் திறப்பைப் பிடிச்சபடி என்னைப் பாத்தார். நான் டக்கெண்டு கையை நீட்டி, "தாரும், நான் விடுறன், எனக்கு இன்னொருக்காப் பிரேக்கைப் பாக்க வேணும்" எண்டன். ரெண்டாவது பொய்.

அவர் திறப்பைத் தரேல்லை. மகளைத் திரும்பிப் பாத்தார், ராஜனைப் பாத்தார். "ஐயா, எனக்குக் கார் ஓடத் தெரியாது" எண்டார்.

"என்ன?"

"வேலைக்கு எடுக்கேக்கை தெரியும் எண்டு பொய் சொன்னனான். நீங்கள் மன்னிப்புக் கேட்டாப் பிறகும் அதை மறைச்சுக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது. இனி நீங்கள் சொல்லுறதுதான்."

ராஜன் என்னட்டைத் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமோ அண்ணை?"

"நேற்றுத்தான் தெரிஞ்சது."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னைப் பிரேக் பாக்கத்தானே கூப்பிட்டனீங்கள்" எண்டு வாய்க்கு வந்திட்டுது. சொல்லிப்போட்டு, அது நேர்மையான மறுமொழி இல்லை எண்டு எனக்கே பட்டது. "இஞ்சை பாருங்கோ தம்பி, உருட்டி விடும் எண்டு போன வருசம் இவருக்குச் சொன்னது நான். இவர் ஓம் எண்டு தலையாட்டினார். உமக்கு ஓடத் தெரியுமோ எண்டு நான் கேக்கேல்லை. அதைக் கேட்டிருந்தால் இந்தப் பிரேக் இறுகியிராது, நீங்கள் இவரைப் பேசியிருக்கவும் மாட்டியள். நாப்பது வருசம் கார் பாத்தவன். கழுவச் சொன்னன், ஸ்டார்ட் பண்ணச் சொன்னன், சீற்றிலை இருக்கிற மனிசனைப் பாக்கேல்லை. பிழை பாக்கிறதெண்டால் என்னட்டை இருந்து தொடங்குங்கோ."

அந்தப் பிள்ளை வந்து புத்தகக் கட்டை நெஞ்சோடை தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டது, அவிழ்க்கிறதோ விடுறதோ எண்டு தெரியாமல்.

ராஜன் ஜீப்படிக்கு நடந்தார். "மரியதாஸ், இஞ்சை வா. ஏறு" எண்டார்.

மரியதாஸ் போய் இடது பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"உந்தப் பக்கம் இல்லை" எண்டார் ராஜன். "வலப் பக்கம். பயப்பிடாதை, முத்தம் பெரிசு, இடிச்சாலும் என்ரை மதில்தான். அண்ணை, நீங்கள் பக்கத்திலை இருந்து சொல்லிக் குடுங்கோ. பிள்ளை, நீ ஏன் நிக்கிறாய்? புத்தகத்தை அவிட்டுக்கொண்டு போய்ப் படி."

மரியதாஸ் சுத்தி வந்து ஏறினார். முதல் தரமா ரெண்டு காலையும் உள்ளுக்கு வைச்சு, முதுகு சாஞ்சு, கதவையும் சாத்தினார். நான் சீற்றை முன்னுக்கு இழுத்து விட்டன். பிரேக் பட்டனைக் காட்டினன். அமத்தினார். பின்னுக்கு ரெண்டு பக்கமும் சர்ரெண்டு பிரேக் விட்டுது. அவர் ஸ்ரியறிங்கை ரெண்டு கையாலையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு என்னைத் திரும்பிப் பாத்தார்.

"எந்தக் காலாலை அண்ணை?" எண்டு கேட்டார்.

"வலது காலாலை" எண்டன். ஒரு வருசத்துக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டியது.